வலிக்காத இடம்

குடியாத்தம். கார்த்திகை. புறநோயாளிச் சீட்டு.
எனக்கு நாலு சொல் போதும்:
காய்ச்சல், எத்தனை நாள், குளிர், வாந்தி.
வருகிறவர்கள் நாலில் நிற்பதில்லை.

"எலும்புக்குள்ள நாடா ஓடுது சார்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
கரண்ட் போனாலும் நிக்கல"
கைலி நெய்கிற தணிகாசலம்.

"நாக்கு பீடி இலையாட்டம் கீது,
ஊற வெச்சாலும் மடங்கல"
பேரணாம்பட்டு ஷாகிரா.

ஆம்பூர்த் தோல் ஷெட்டுக்காரர்
ஒன்றும் சொல்லவில்லை.
தன் கையை எடுத்து என் கைமேல் வைத்தார்.

சம்பூர்ணத்துக்கு இன்றோடு ஒன்பது நாள்.
"மத்தியானம் பாலாத்து மணல்ல
செருப்பில்லாம நிக்கிறாப்புல.
ராவுல அதே மணலு, ஆனா ஈரம்.
புல்லுக்கட்ட அன்னிக்கே எறக்கிட்டேன் சார்,
தலைதான் இன்னும் எறக்கல."

தர்மாமீட்டர் நூற்று மூன்று என்றது.
தணிகாசலத்துக்கும் அதையேதான் சொல்லியிருந்தது.

திரைக்குப் பின்னால்
பாவாடை நாடா இறுகும் மடிப்பில்
சிஸ்டர் எவாஞ்சலின் கண்டுபிடித்தார்:
மிளகளவு கறுப்புப் பொருக்கு,
பீடி நெருப்பை அழுத்தி அணைத்தாற்போல.
புல்லில் இருந்த ஏதோ ஒன்று,
கண்ணுக்கே தெரியாதது,
கடித்துவிட்டுப் போயிருக்கிறது.

"இத ஏம்மா சொல்லல?"

"அது வலிக்கலியே."

மாத்திரை எழுதினேன்.
அடுத்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து
வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிட்டேன்,
எங்கெங்கே வலிக்கவில்லை என்று.

அவர் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்,
டாக்டருக்கும் வந்துவிட்டதோ என்று.