பூஜ்யமா, ஓவா

மெலிசான லேப்டாப்.
நாலு ஓரமும் விரலால் தடவிவிட்டேன்,
வட்டு நுழைய ஒரு கீறல்கூட இல்லை.
செருப்பின் மேல்தோலைத் துண்டு துண்டாய்
வரைந்து காட்டும் மென்பொருளோ
வாசல் சிறுத்த வீட்டுக்கு வந்திறங்கிய
சீர்க்கட்டில் மாதிரி
உறையோடு கையில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை சரக்கு போகணும்.
முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை ஐந்து அளவு,
ஒவ்வொன்றுக்கும் ஏழு துண்டு.
ஆம்பூர்க்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

மேல்விஷாரத்தில் கேட்டேன். ஆற்காட்டில் கேட்டேன்.
"டிரைவா? இப்ப யாருக்கா அதெல்லாம் வெச்சிருக்காங்கோ?"
கடைப் பையன் வட்டை வாங்கி
அதில் முகம் பார்த்து முடி ஒதுக்கிக்கொண்டு
திருப்பித் தந்தான்.

வேலூருக்கு பஸ் ஏறினேன்.
சத்துவாச்சாரி தாண்டும்போது
மலையெல்லாம் அடுப்பேற்றிய கல்லாகக் கிடந்தது.
ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசை,
வங்காள எழுத்தில் பலகை தொங்கும் ஜெராக்ஸ் கடை.
மேசைக்கடியில் கிடந்த பழைய கணினியைக்
காலாலேயே காட்டினார் இருதயராஜ்.
"இங்க மட்டும்தாம்மா இது இன்னும் சாவல.
ஸ்கேன் எடுத்தா வட்டுலதான தர்றாங்க."

எனக்கு முன்னால் ஒருவர்,
அஸ்ஸாமோ திரிபுராவோ,
மடித்த துண்டுக்குள்ளிருந்து தன் வட்டை எடுத்தார்.
திரையில் ஒரு நுரையீரல் வந்தது.
பார்க்கக் கூடாதென்று காலண்டர் பக்கம் திரும்பினேன்.
அவரே கூப்பிட்டு
விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.
தலையாட்டினேன்.
எதற்கு ஆட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

விழுங்கிய வட்டைக் கக்க மறுத்தது பெட்டி.
தட்டினார், திட்டினார்,
"குண்டூசி இருக்குதா?" என்றார் இருதயராஜ்.
முக்காட்டிலிருந்து உருவித் தந்தேன்.
புள்ளி மாதிரி ஒரு துளை. ஊசி உள்ளே போனதும்
டாக்டருக்கு 'ஆ' காட்டும் பிள்ளையாக
நாக்கு நீண்டு வந்தது.
நுரையீரலை எடுத்தார்.
அதே இடத்தில் என் செருப்பை வைத்தார்.
யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினொரு நிமிஷம் கிர்ரென்று சுற்றி
எல்லாம் சுண்டுவிரல் நகத்தளவு பென்டிரைவில் குடியேறியது.
நாற்பது ரூபாய்.
ஊசியைத் தர அவர் மறந்தார், கேட்க நான் மறந்தேன்.
பஸ்ஸில் ஊர் வரும்வரை
முக்காட்டைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஏற்றினேன்.
பாதி ஏறி, சாவி எண் கேட்டது.
உறையின் உள்பக்கம் ஜக்கரியா மச்சான் கையெழுத்து,
இருபது எழுத்தில் ஒன்பதாவது
ஒரு முட்டை.
பூஜ்யம் போட்டேன், தப்பு.
ஓ போட்டேன், தப்பு.

பங்கு பிரித்த அன்று
மிஷின்களை ஆறு ஆறாக எண்ணினோம்.
கத்தரிக்கோல், பசை டப்பா, ஸ்டூல்வரை.
இந்த வட்டை மட்டும் மேசைமேல் தள்ளி
"நீயே வெச்சிக்க" என்று எழுந்துபோனார்.
பத்து மாசமாகப் பேச்சில்லை.
பெருநாளைக்கு அக்காவிடமிருந்து சட்டி வந்தது.
சட்டி மட்டும்.

மணி பத்தரை. அடித்தேன்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
சலாம் சொல்லிவிட்டு
வேறெதுவும் வாயில் வராமல்
"ஒன்பதாவது எழுத்து பூஜ்யமா, ஓவா?" என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
"ரெண்டும் இல்ல. க்யூ.
வால் போடறதுக்குள்ள பேனா தீந்துபோச்சு."

போட்டேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.
வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
"நாப்பதுக்கு மேல வந்தா
குதிகால் துண்டுக்கு அரை மில்லி கூட்டி வை.
மடிப்புல இழுக்கும்."
சரி என்றேன்.
கோடு பாதி தாண்டியது.

"ஆமா ஷம்சாத்,
அந்த லேப்டாப்புல வட்டு போடவே வழியில்லியே,
எப்படி ஏத்தின?"

நான் எந்த லேப்டாப் வாங்கினேன் என்று
அவரிடம் சொன்னதே இல்லை.