இடப்பக்கம்

விற்றவர் கொடுத்தது இரண்டு தோணி,
ஒரு பாய்மரம், சுருட்டிய இரு பாய்கள்,
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வளையங்கள், ஊசிகள்.
விளக்கத்தாள் உண்டா என்றேன்.
"கட்டினால் புரியும்" என்றார், வேனில் ஏறியபடி.

ஆம்ஸ்டர்டாமில் டிராம் ஓட்டுபவள் நான்.
தண்டவாளம் திரும்பும் இடத்தில் திரும்பிப் பழகி
பதினொரு வருடம்.
ஹிட்டே உருக்காலையில் இரவுப் பணி முடித்து
தூங்காமல் வந்திருக்கிறான்,
கையில் வெங்காயம் வைத்த மீன் ரொட்டி.
இருவருக்கும் சேர்த்துத் தெரிந்தது ஒரே முடிச்சு.
அதுவும் ஷூவுக்கு.

வைக் ஆன் ஸே கடற்கரை, காலை ஒன்பது.
பின்னால் ஆலைப் புகை கிழக்கே சாய்கிறது.
மேல்காற்று என்று சொல்ல
இதைவிடப் பெரிய கொடியை யார் ஏற்றுவார்?

நடுவலையைக் கோத்தோம்.
ஒரு கண் விட்டுப்போய், அத்தனையும் அவிழ்த்து
மறுபடி கோத்தோம்.
மேளத்தோல் போல் விறைக்க வேண்டுமாம்.
ஹிட்டே உட்கார்ந்து பார்த்தான்:
தொட்டில்.

பாய்மரத்துக்கு அவன் தோள் கொடுக்க
முன்கம்பியை நான் இழுக்க
எழுந்தது, நின்றது,
குடிகாரனைப் போல் ஒரு பக்கமாக யோசித்தது.
பக்கத்துப் படகின் பையன்கள் இருவர் ஓடிவந்து
கம்பியில் தொங்கினார்கள்.
ஊசியைச் செருகி நிமிர்வதற்குள் போய்விட்டார்கள்.
பெயர்கூடக் கேட்கவில்லை.

பக்கக் கம்பியின் தகட்டில் ஒன்பது துளைகள்.
எதில் மாட்டுவது?
"நாலாவது."
"ஏன்?"
"என் வீட்டு எண்."
பாய்மரம் சற்றே பின்சாய்ந்து நின்றது,
கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் போல.

கட்டுமரம்.
பெயரில் மரமிருக்கிறதே என்று தட்டிப் பார்த்தேன்:
அலுமினியம், கண்ணாடி நார்.
மிச்சமிருப்பது கட்டு மட்டும்.
அதைத்தான் காலையிலிருந்து
கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதினொன்றரைக்கு நீரில் இறங்கியது.
ஓடியது! தண்டவாளமே இல்லாமல்!
பத்து நொடி கத்தினேன்.
பிறகு இடப்பக்கம் இழுத்தது,
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடித்தாற்போல.

கரையேறி வலக்கம்பியில் ஒரு துளை குறைத்தோம்.
கடல். இடப்பக்கம்.
இன்னொரு துளை.
கடல். இடப்பக்கம்.
சுக்கான்கள் இணையாக இருக்கின்றனவா என்று
தையல் டேப்பால் அளந்தோம்;
இரண்டு மில்லிமீட்டருக்கு அரைமணி நேரம் சண்டை.
பாயின் சுருக்கம் போக அடிக்கயிற்றை இறுக்கினோம்,
குச்சிகளைத் தளர்த்தினோம்,
தளர்த்தியதை இறுக்கினோம்.
"இடதுசாரிப் படகு" என்றான் ஹிட்டே,
"எங்கள் சங்கத்தில் சேர்த்துவிடலாம்."

நாலு மணிக்கு
வண்டியில் ஏற்ற அணியத்தைத் தூக்கினோம்.
இடத்தோணியின் வாலிலிருந்து
கடல் கொட்டியது.
நின்றுவிடும் என்று பார்த்தோம்.
கொட்டியது.
ஒரு சின்ன இறாலும் விழுந்தது.
நாங்கள் பேசவில்லை.

அடைப்பான், கட்டைவிரல் அளவு மஞ்சள் பிளாஸ்டிக்,
என் கோட்டுப் பையில் இருந்தது.
தொலைந்துவிடக் கூடாதென்று
காலையில் நான்தான்.

ஹிட்டே மணலில் மல்லாந்து சிரித்தான்,
சிரித்தபடியே தூங்கியும் போனான்.
எழுப்பி, அடைத்து, திருகி,
இன்னும் ஒரே ஒரு முறை என்று இறக்கினோம்.
இலேசாக, சத்தமில்லாமல்,
அலையைத் தொட்டும் தொடாமலும்
படகு போனது
வலப்பக்கம்.
நாள் முழுக்கச் செய்த திருத்தமெல்லாம்
அப்படியே அதில் இருந்தது.

டப்பாவில் ஒரு வளையம் மிச்சம்.
எங்கே மாட்ட வேண்டியதோ தெரியவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு முதல் டிராம்.
சிக்னலில் நிற்கையில் அண்ணாந்து பார்த்தேன்.
தெருவுக்கு மேலே விறைத்தோடும் மின்கம்பி.
அதை இழுத்துப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பிகள்.
பதினொரு வருடத்தில் பார்த்ததில்லை.
யாரோ ஏணியில் ஏறி
எந்தத் துளையில் மாட்டினார்களோ.
பின்னால் மணியடித்தார்கள்.
பச்சை விழுந்திருந்தது.