அறுபத்து மூன்று வரை

செவ்வாய்க்கிழமை
அறுபத்து மூன்றில் விட்டுவிட்டேன்.

ஆறு வயதுப் பையனின் ரத்தம். பெயர் சுடலைக்கண்ணு.
ஊர் முன்னீர்பள்ளம். மூன்று நாள் காய்ச்சல்.
கண்ணாடிச் சில்லில் ஊதா ஊதாவாக அணுக்கள்,
வகை பிரித்து நூறு எண்ண வேண்டும்.
அறுபத்து மூன்றாவது
மடிந்த உட்கருவோடு என் முன்னால் நிற்கிறது.
நானோ
ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்த
எவளோ ஒருத்தியின் புது அடுக்களையில்
அலமாரிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.
இழுப்பறைக்குள் போன் ஒருதரம் உறுமியது.

அவனை மூன்று முறை எண்ணினேன்.
மூன்று விடை வந்தது.
கடைசியில் மைதீன் பாத்துவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
எண்ணி முடித்து, குறித்துவிட்டு,
கண்ணை எடுக்காமலே கேட்டாள்:
"ஜெபமணியக்கா, நீங்க ஒறங்கி எத்தன நாளாச்சு?"

மூளையில் ஏதோ கோளாறென்று
ஹைகிரவுண்டில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன்.
டாக்டர் படம் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை.
எத்தனை மணிக்குப் படுப்பீங்க, எத்தனை காபி,
எவ்வளவு தூரம் நடப்பீங்க.
என் பதில்களையே சீட்டில் எழுதி
என்னிடம் நீட்டினார், மருந்துச் சீட்டு மாதிரி.
கீழே பெரிய எழுத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒன்பது மணிக்குப் போன் அரிசி டின்னுக்குள் போகிறது.
முதல் வாரம் நானும் பாதி உள்ளேதான் கிடந்தேன்.
மூடியைத் திறப்பேன், உழக்கைத் தேடுவதுபோல் துழாவுவேன்.
"பத்தரை மணிக்கு யாருக்கு உலை வைக்கப்போற?"
என்றார் தேவசகாயம், போர்வைக்குள்ளிருந்து.

நாலு மணிக் காபி மட்டும் லேசில் போகவில்லை.
இரண்டு பொட்டும் தெறிக்க
நாலு நாள் அந்த மனுஷனைக் கடித்துக் குதறினேன்.
அவர் கடைக்குப் போனவர்
எனக்கு நன்னாரி வாங்கி வந்தார்,
தனக்கு டீத்தூள்.

சாப்பிடும்போது சாப்பாட்டை மட்டும் பார்ப்பது
கேட்க எளிது.
வியாழக்கிழமை, டப்பாவைத் திறந்தால்
கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரை இருக்கிறது.
யார் போட்டது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.
நான்தான். காலையில்.
உருவிய பச்சை இன்னும் விரல் நகத்தில் இருந்தது.

இப்போது ஆற்றுக்கு இக்கரையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறேன்.
கொக்கிரகுளம் வரைக்கும் நடை.
பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போவேன்,
பழகிக்கொள்ளத்தான்.
ஏழெட்டு தாண்டியதும் ஒரு நீர்க்காகம் முங்கும்.
எங்கே எழும் என்று பார்க்க நிற்பேன்.
வெகுநேரம் கழித்து, நான் நினைக்காத இடத்தில்,
கழுத்தை மட்டும் நீட்டும்.
எண்ணிக்கை தாமிரபரணியோடு போயிருக்கும்.
இதுவும் விட்டுப்போவதுதான்.
ஆனால் இதற்குப் பின்னால் கண் எரிவதில்லை.

ஒரு மாதம் ஆகிறது.
சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நேற்று சீட்டுப்பணம் கட்ட வேண்டிய நாள்,
நாற்பத்தொன்றில் விட்டேன்.
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரை மணி தூங்கலாமென்று படுத்து
விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்தேன்.
அந்தச் சுடலைக்கண்ணு காய்ச்சல் விட்டு வந்து
ஊசி குத்தாததற்கும் சேர்த்து மிட்டாய் கேட்டான்.

இன்றைக்கு மேலப்பாளையத்துக் கர்ப்பிணி ஒருத்தி, பெயர் ரஹ்மத்.
சாயம் நன்றாகப் பிடித்திருந்தது.
வெளியே பஸ் ஹாரன், யாரோ இருமல்,
மின்விசிறியின் பழைய கடகடப்பு.
ஒவ்வொன்றும் வந்தது, கொஞ்சம் நின்றது, போனது.
அறுபத்து மூன்று
எப்போது போனதென்று தெரியவில்லை.

நூறானதும் எண்ணும் பெட்டி மணியடிக்கும்,
சைக்கிள் மணி மாதிரி, ஒரே ஒரு தடவை.
டீ கொண்டுவந்த புதுப் பையன்
வாசலைத் திரும்பிப் பார்த்தான்.
"யாருக்கா வந்திருக்கா?"

யாரும் வரலைல என்றேன்.
டீயை வேண்டாமென்றேன்.
அடுத்த சில்லை வைத்தேன்.