பேரீச்சங்கொட்டை அளவு

ஜுபைலிலிருந்து தம்மாம் வரை
ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன்.
மரியசூசையின் வாய் கோணியிருந்தது.
பூட்ஸைக் கழற்றக்கூட நேரமில்லை.

தொடை வழியாகக் கம்பி விட்டு
தலைக்குள்ளிருந்து இழுத்த கட்டியைக்
காட்டினார் சூடான்கார டாக்டர்.
ஊறிய புளியின் நார்போல ஒரு துணுக்கு.
'குழாய் முழுக்கத் திறந்துவிட்டது.'
நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த கட்டிலில் தில் பகதூர்,
தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
அதே நாள், அதே கம்பி.
அவன் படத்தில் வலது நெற்றியோரம்
உள்ளங்கை அகலத்துக்குக் கரி.
இவன் படத்தில்
இடதில், ஆழத்தில்,
ஒரு பேரீச்சங்கொட்டை.
கொட்டைதானே என்று
என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாள் தில் பகதூர்
காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு
செருப்பைக் கால் மாற்றிப் போட்டு
நடந்தே போனான்.
சூசையின் வலது கை
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல்
போர்வை மேல் கிடந்தது.

பதினாலு வருஷம் கேபிள் இழுத்தவன் நான்.
டாக்டர் படத்தில் விரல் வைத்ததும் விளங்கிவிட்டது.
யார்டில் ஒரு மூலை எரிந்தால்
நாலு விளக்கு போகும், அவ்வளவுதான்.
ஆனால்
எல்லாக் கேபிளும் ஒடுங்கி நுழையும் சந்து ஒன்றுண்டு.
அங்கே எலி கடித்தால்
மொத்த யூனிட்டும் இருட்டு.
பிறகு சப்ளை வந்தென்ன.

இதை அவனிடம் சொல்லவில்லை.
'பக்கத்துக் கம்பிகள் சில நேரம்
வேலை கற்றுக்கொள்ளும்' என்றார் டாக்டர்.
அதை மட்டும் சொன்னேன், இரண்டு தரம்.

கம்பெனிப் படிவத்தில்
'சிகிச்சை வெற்றி' கட்டத்தில் டிக்.
பொய்யில்லை.
கீழே கையெழுத்து வேண்டுமாம்.

சிக்ஸ் ஜி வெல்டர் அவன்.
குழாயின் அடிவயிற்றில் மல்லாந்து கிடந்து
போட்ட ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்தால்
ஒரு புள்ளி இருக்காது.
அவன் படத்தில்தான் இருக்கிறது.
இடது பெருவிரலில் மை தடவினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வீடியோவில் ரெஜினா.
போனை நான் பிடித்திருந்தேன்.
'கையக் காட்டுங்க.'
இடதைத் தூக்கினான்,
மடக்கினான், விரித்தான்.
திரையோரச் சின்னச் சதுரத்தில்
கண்ணாடியில் போல
அது வலது கையாக அசைந்தது.

'அந்தக் கை இல்ல, மத்தது' என்றாள்.
அவன் அவளைப் பார்க்கவில்லை.
சதுரத்தையே பார்த்தபடி
மடக்கினான், விரித்தான்.

சார்ஜ் மூன்று சதவீதம்.
நான் போனை ஆட்டாமல் பிடித்திருந்தேன்.