ஜன்னல் இல்லாத சுவரின் விலை

நாற்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரம்.
மினுங்கும் தாளில் ருவந்த எழுதித் தந்தது.
"ஃபுல் ப்ரைஸ் சேர். பலகையெல்லாம் ஃபெக்டரியில் ரெடி.
பதினாலு நாளில் வீடு."
தாளின் அடியில் எறும்பு எழுத்தில்:
அத்திவாரம் நீங்கலாக.

அன்றிரவு கொட்டாஞ்சேனை மேல்மாடியில்
மகளின் கணக்குக் கொப்பியைக் கவிழ்த்துப்
பின்பக்கத்தில் கோடு கீறினேன்.
சாளை கழுவிக்கொண்டே இமெல்டா கேட்டாள்,
"லொறிக்கு?"

லொறி பியகமவிலிருந்து காக்கைதீவு வரைக்கும் வரும்.
ஒழுங்கைக்குள் வராது.
ஒழுங்கை ஒன்பதடி, லொறி எட்டேகால்,
திரும்புகிற இடத்தில் மின்கம்பம்.
ஆகவே கிரேன்.
கராஜை விட்டு வெளிக்கிட்ட நிமிடத்திலிருந்து காசு,
பாலத்து நெரிசலில் சும்மா நின்றாலும் காசு.
கிரேன் கை நீட்ட வயரை இறக்க வேண்டும்.
வயரை இறக்க ஒரு கடிதம்.
கடிதம் மேசை மாற ஒரு தேத்தண்ணி.
தேத்தண்ணிக்கு என்ன தலைப்புப் போடுவது?
'இதர' என்று போட்டு
இரண்டு லட்சத்துப் பதினையாயிரத்துக்குள் அடக்கினேன்.

நாலரைப் பேர்ச்.
அந்தோனிமுத்து பாஸ் கம்பியை இறக்கிப் பார்த்தார்.
டயர், உடைந்த ஓடு,
யாரோ குளித்து முடித்த தொட்டி ஒன்று.
எட்டடிக்குக் கீழேதான் மண்;
"மண் மாதிரி ஏதோ" என்றார்.
கையால் தூக்கும் சுவருக்குப் பதினாறு தூண்.
ஏழு லட்சத்து எண்பதாயிரம்,
எல்லாம் நிலத்துக்குள்ளே,
ஒருவர் கண்ணிலும் படாமல்.

கழிவறைக் கோப்பை விலையில் உண்டு.
அது போய்ச் சேரும் குழி இல்லை.
குழாய் உண்டு, தண்ணீர் இல்லை.
ஆளி உண்டு, மின்சாரம் இல்லை.
நாலு லட்சத்து அறுபது.
அளவையாளர், வரைபடம், மாநகர சபை முத்திரை:
ஒன்று முப்பது.

"பதினாலு நாள் எண்டவன்
எந்த நாளில இருந்து எண்டு சொன்னவனா?"
இல்லை.
ஆறு மாத வாடகையையும் சேர்த்தேன்.
அறுபத்தொரு லட்சத்து எழுபத்தையாயிரம்.
மீன் கை ஈரத்தோடு அவள் வந்து
கூட்டலை ஒருமுறை கீழிருந்து மேலே கூட்டிப் பார்த்தாள்.
சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பக்கத்து வளவு நஸீரா தாத்தாவிடம் போனோம்.
பலகையை உள்ளே எடுக்க
அவருடைய மதிலில் பத்தடி உடைக்க வேண்டும்.
உடைத்துக் கட்டித் தருவோம், நட்டஈடும் தருவோம் என்றேன்.
காசு வேண்டாம் என்றார்.
"உங்கட படுக்கையறை ஜன்னல்
எங்கட கிணத்தடியப் பார்க்குது.
அதை மட்டும் எடுத்துருங்க."

ஒரு ஜன்னல் போனால் விலை குறையும்தானே.
ருவந்தவுக்கு அழைத்தேன்.
ஜன்னல் வெட்டிய பலகைதான் வழக்கமாம்.
வெட்டாத பலகை விசேஷக் கட்டளையாம்.
"முப்பத்தெட்டாயிரம் கூடும், சேர்."

ஒன்றும் இல்லாததற்கு முப்பத்தெட்டாயிரம்.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
போனை வாங்கி, எனக்கு வராத சிங்களத்தில்
நீளமாகக் கேட்டாள், பிறகு எனக்குச் சொன்னாள்:
குளியலறைப் பலகை ஒன்று இருக்கிறது,
உச்சியில் சின்ன ஜன்னல், அதே விலை,
வேண்டுமென்றால் அதைப் படுக்கையறைக்கு மாட்டலாம்.
"அதில என்ன தெரியும்?"
"வானம். பக்கத்து முருங்கையின்ர நுனி."

நஸீரா தாத்தா சம்மதித்தார்.
வாடகைச் சுவரில் முதுகு ஒட்டி நின்று
ஆறடி எதுவென்று காட்ட
இமெல்டா பென்சிலோடு கையைத் தூக்கினாள்.
எட்டவில்லை.
குதிகாலை உயர்த்தினாள்.

எதிர்பாராத செலவு, பத்து வீதம்:
அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.
வெள்ளிக்கிழமைக்குப் பிறகு
டொலர் மாறினால் விலையும் மாறுமாம்.
வீட்டுக்காரரின் சுவரில்
ஒரு சிறு பென்சில் கோடு இருக்கிறது.
போகும்போது பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும்.
அதையும் எழுதினேன்.