மூன்று மில்லிமீட்டர்

அரக்கு முதலில். அதை மறக்கக் கூடாது.
பள்ளத்துக்குள் மெல்லிசாக இரண்டு பூச்சு,
நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் கறுப்பு.
இல்லையென்றால் சாயம் இழை பிடித்து ஓடும்,
எழுத்துக்கு மீசை முளைக்கும்.
துண்டுக் கட்டையில் ஒருமுறை முளைத்தது.

பலகை லார்ச்.
ஸ்ட்ராந்திர் கரையில் எங்களுக்குக் காடு கிடையாது,
கடல்தான் மரம் தரும்.
சைபீரியாவில் ஏதோ ஓர் ஆற்றில் விழுந்து
பனிக்கட்டியோடு வருஷக்கணக்காக அலைந்து
பட்டை உரிந்து, உப்பேறி
என் வேலிக்குக் கீழே ஒதுங்கிய கட்டை.
முப்பது வருஷம் டிராலர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கைக்கு
ஒரு பெட்டி என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.
கீல் மட்டும் மூன்று தடவை தோற்றது.

இந்த நாட்டில்
பிறந்த பிள்ளையின் பெயரை உடனே வெளியில் சொல்வதில்லை.
ஞானஸ்நானம் வரைக்கும் அவன் வெறும் ‘பையன்’.
ஸ்டெய்ன்வோர் வாயைத் திறக்கவில்லை.
மருமகன் கெட்டிலைக் கேட்டால்
வானிலை சொல்வான்.
நான் கேட்கவும் இல்லை.
முதல் பேரன். உயிரோடிருக்கும் ஒரே தாத்தா நான்.
இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஐந்து எழுத்து. பெர்ஸி.
கரடிக்குட்டி என்று அர்த்தம்,
எழுபத்தொரு வயதிலும்.
பி-யின் இரண்டு தொப்பையும் எஸ்-ஸின் நெளிவும்
ஒரு வாரத்தைத் தின்றன.
தூசியை ஊதிவிட்டு
விளக்கைச் சாய்த்துப் பிடித்து
என் பெயரை நானே
எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு.
தேவாலயத்தில் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
குழந்தையின் பெயர் என்ன என்றார் போதகர் அம்மா.
“ஹ்லினுர்” என்றாள் என் மகள்.

ஹ்லினுர்.
மேப்பிள் மரம்.
எங்கள் விரிகுடாவில்
இடுப்புக்கு மேல் வளர்ந்த மரம் ஒன்று கிடையாது.
நல்ல பெயர் என்றேன்.
கேக் இரண்டு துண்டு தின்றேன், பசியில்லாமல்.
“பெட்டி முடிந்ததா அப்பா?”
“எழுத்து மட்டும் பாக்கி.”

இழைப்புளிக்குச் சாணை பிடித்தேன்.
ஒவ்வொரு இழுப்புக்கும் எழுத்து இளைத்தது,
பட்டையாக இருந்தது கோடாகி
கோடு மயிராகி.
கீழே விழுந்த சுருளைப் பிரித்துப் பார்த்தால்
என் பெயர் ஓட்டையாக இருந்தது.
அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மூன்று மில்லிமீட்டர் போயிற்று.
மூடி லேசாகிவிட்டது,
சுண்டுவிரல் போதும் இப்போது தூக்குவதற்கு.
பி-யின் முதுகுத்தண்டு மட்டும் மிச்சம்.
அங்கே உளியை அளவுக்கு மீறி அடித்திருந்தேன்,
முதல் எழுத்தல்லவா, பெருமை.
இன்னும் இழைத்தால் பலகை வளைந்துவிடும்.
அளந்தேன். அழித்தேன். மறுபடி அளந்தேன்.
ஹெச்-சின் இரண்டாம் காலை
அதன் மேலேயே வைத்து
மற்ற ஐந்தையும் அதிலிருந்து கணக்குப் போட்டேன்.

ஒய் எளிது, கவட்டைக் கிளைதானே.
யூ-வின் அடிவளைவில் மரம் ஒருதரம் முரண்டியது.

கறுப்பு காய்ந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை.
ஓரமெல்லாம் ஈஷி
நண்டு நடந்த ஈர மணல் மாதிரி.
இருநூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளைத்
தக்கையில் சுற்றி
இழை போகும் பக்கமாகத் தேய்த்தேன், அவசரப்படாமல்.
மேலே இருந்ததெல்லாம் மாவாகப் போயிற்று.
உள்ளே இறங்கியது நின்றது.
ஆறு எழுத்து, விளிம்பு கத்தி மாதிரி.
கடைசி ஆர்-இன் வாலில் மட்டும்
அரக்கு படாத ஓரிடம்,
சாயம் கொஞ்சம் ஓடியிருந்தது.
விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு வந்தார்கள்.
பையன் மூடியின் மூலையை
ஈறால் கடித்துப் பார்த்தான்
(ஆளிவிதை எண்ணெய்தான், பயமில்லை).
ஸ்டெய்ன்வோர் எழுத்துகள் மேல்
விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள்
முதல் எழுத்துக்குத் திரும்பிப் போனாள்.
“இந்தக் கால் மட்டும் ஆழமாக இருக்கிறதே?”

அங்கே ஒரு கணு இருந்தது என்றேன்.