இருபத்திரண்டு முறை அதே டாங்கோ

ஒலி அறை என்று பெயர்.
மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து.
கண்ணாடிக்கு அப்பால் பிராட்டிஸ்லாவாவின் பனித்தளம்,
இப்பால் ஒலிநாடாக் கருவி, மின்கணப்பு, நான்.

கட்டாய நடன நாள்.
இருபத்திரண்டு ஜோடிக்கும் ஒரே டாங்கோ, ஒரே அடிகள்,
போருக்கு முன் லண்டனில் யாரோ
மாலை வேளைகளில் வகுத்துவைத்த அதே வளைவுகள்.
நான் போட, அவர்கள் ஆட,
நான் பின்னோக்கிச் சுற்ற, அடுத்தவர்கள் வர.
எட்டாவது ஜோடிக்குள் எனக்குப் பாட்டே கேட்கவில்லை,
கால்கள் மட்டும் தெரிந்தன.

"இதெல்லாம் விளையாட்டா?" என்பான் ஹாக்கிக்கார டுஷான்,
கணப்பில் கை காய்ச்ச வந்த சாக்கில்.
ஒலிம்பிக்கும் அப்போது
அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவனுக்கு எப்படிச் சொல்ல?
ஜோடிச் சறுக்கில் பெண்ணை வீசி எறியலாம்,
அவள் இறங்குமுன்னே கைதட்டல் எழும்.
இங்கே எறியக் கூடாது, தோளுக்கு மேல் தூக்கக் கூடாது,
துள்ளக் கூடாது, விலகக் கூடாது.
மிஞ்சுவது
முழங்கால் மடியும் ஆழம்.
கத்தியின் உள்விளிம்பா வெளிவிளிம்பா என்பது.
இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரு காகிதம் நுழையுமா என்பது.

பதினான்காவது, புடாபெஸ்ட்டிலிருந்து
பிரோஷ்காவும் லோராண்டும்.
படிக்கட்டில் அவர்கள் பேசியது என் தலைக்கு மேல் கேட்டது.
அம்மா வழியில் எனக்கு ஹங்கேரியன் தெரியும்.
"சாவியை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்."
"எல்லாச் சாவியுமா?"
"எல்லாமும்."
பிறகு பனியில் இறங்கி
இடுப்பில் கைவைத்துக் காதலர்களானார்கள்.

இரண்டாம் சுற்றில் நாடா அறுந்தது.
இசையில்லாமலே கொஞ்ச தூரம் போனார்கள்.
பட்டுத்துணி கிழிவதுபோல் கத்திகள் ஓடும் ஓசை
கூரைவரை கேட்டது.
நடுவர் மணியடித்தார்.
கத்தரி, ஒட்டுநாடா, சொன்னபடி கேளாத விரல்கள்.
சேர்த்துவிட்டேன்.
சுண்டுவிரல் நீளம் வீணாகியிருந்தது.
அரைத் தட்டு.

மறுபடி முதலிலிருந்து.
அந்த இடம் வந்தபோது கண்ணை மூட நினைத்தேன், மூடவில்லை.
அவள் கால் காற்றில் பின்னால் நீண்டிருக்கிறது,
தட்டு முன்னதாகவே வந்து விழுகிறது,
கால் இறங்குகிறது.
அவன் காலும்.
ஒரு பார்வை இல்லை, ஒரு கை அழுத்தம் இல்லை.
காலத்தில் நான் வெட்டிய குழியில்
ஒன்றாக இறங்கி
ஒன்றாக ஏறினார்கள்.

அதன்பின் வந்த எட்டு ஜோடியும் அங்கே இடறின.
பனி கரடு என்றார்கள் பயிற்சியாளர்கள்.
நான் வாய் திறக்கவில்லை.

புடாபெஸ்ட்காரர்களுக்கு ஏழாம் இடம்.
இரவு படிக்கட்டில் அவன் குரல்:
"தபால்பெட்டிச் சாவியும்தானே?"
"சொன்னேனே."

கட்டாய நடனத்தையே பிற்பாடு எடுத்துவிட்டார்கள்.
பார்ப்பவர்களுக்கு அலுக்கிறதாம்.
தொலைக்காட்சியில் இப்போது ஜோடிக்கு ஒரு பாட்டு, ஒரு கதை;
அழகாகத்தான் இருக்கிறது, விழித்திருந்து பார்க்கிறேன்.
ஆனால் யார் யாரென்று எனக்குத் தெரிந்தது
எல்லாரும் ஒன்றையே செய்த அன்றுதான்.

வெட்டிய துண்டைக் கோட்டுப் பையில் போட்டிருந்தேன்.
வசந்தத்தில் கோட்டைச் சலவைக்குக் கொடுத்தபோது
நினைவே வரவில்லை.